பக்கவாட்டில் ஒரு ஓம்

எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்த மாதிரி வந்து நிற்கக் கூடாது. என் கணவர் இதற்கு வேறு பெயர் வைத்தார். "உனக்கு வயித்தெரிச்சலப்பா, வேறொண்டுமில்லை" என்று அவர் சொன்ன அன்று, இடியப்பத் தட்டை மேசையில் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன். அவர் சொன்னது உண்மை என்பதால் வந்த கோபம் அது.

கொழும்பில் ஒரு தனியார் உயர்கல்வி நிலையத்தில், தாதியர் பட்டப்படிப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். பதினாறு வருடமாகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த அதே திங்கட்கிழமை, பக்கத்துக் கதிரையில் இருந்து அதே படிவத்தை நிரப்பியவள் ஒருத்தி. நான் வெள்ளவத்தை, அவள் கொட்டாஞ்சேனை. என் வீட்டில் அவளுக்குக் கொட்டாஞ்சேனைக்காரி என்று பெயர். அவள் வீட்டில் எனக்கு வெள்ளவத்தை மகாராணி என்று பெயர் என்பதும் எனக்குத் தெரியும். பத்தரை மணித் தேநீருக்கு மீன் அடைத்த ஒரு மாலுபாணை வாங்கி இரண்டாகப் பிய்ப்போம். மீன் கூடிய பாதி யாருக்கு என்று பதினாறு வருடமாகச் சண்டை பிடித்தோம்.

என்னுடையது கட்டில் பாடம். வகுப்பின் மூலையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில் இருந்தது. நான் அதில் ஏறிப் படுத்துவிடுவேன். ஒரு நாள் காது கேளாத மனுஷி, ஒரு நாள் ஊசிக்குப் பயந்த கர்ப்பிணி, ஒரு நாள் மகன் பார்க்க வராத கோபத்தில் மருந்தைத் துப்புகிற தாய். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து என்னைச் சமாளிக்க வேண்டும். நான் இலேசில் சமாளிபடுகிற ஆள் இல்லை. போர்வையை உதறுவேன், "உனக்கு முதல் இருந்த நேர்ஸ் நல்லவ" என்று குத்துவேன், நேரம் பார்த்து அழுவேன். "மிஸ்ஸின்ர கட்டிலைத் தாண்டினா எந்த வார்ட்டையும் தாண்டலாம்" என்று பழைய பிள்ளைகள் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அதைக் கேட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அப்படி இருக்கும்போதுதான் வி.ஆர். கண்ணாடி வந்தது. தலையில் மாட்டினால் முழு வார்ட்டும் கண்ணுக்கு முன்னால் நிற்குமாம், நோயாளி கட்டிலில் இருந்து கதைப்பானாம், உலகத்தில் பெரிய பல்கலைக்கழகங்கள் எல்லாம் இப்படித்தான் படிப்பிக்கின்றனவாம். பணிப்பாளர் கூட்டத்தில் சொல்லி முடித்துவிட்டு, பொறுப்பை அவளிடம் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கேட்டிருக்க வேண்டும்.

மூன்று கிழமைப் பயிற்சிக்கு அவளை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது எனக்கு ஒரு சொக்லேட் பெட்டியும், தனக்கு ஒரு புதுத் தலையாட்டலும் கொண்டுவந்தாள். நாங்கள் ஓம் என்பதற்குத் தலையை எப்படி ஆட்டுகிறோம் என்று யாராவது யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? காது தோளைத் தொடப்போகிற மாதிரி இந்தப் பக்கம் ஒரு சரிவு, அந்தப் பக்கம் ஒரு சரிவு. மீன்காரரும் அப்படித்தான், பணிப்பாளரும் அப்படித்தான்; சிங்களம், தமிழ், முஸ்லிம் என்ற வித்தியாசமே கிடையாது. அவளோ இப்போது நாடியை நேராக மேலும் கீழும் ஆட்டினாள். யார் என்ன சொன்னாலும் டக், டக், டக் என்று ஓர் ஆட்டு. அது தனக்கு ஒட்டிக்கொண்டது அவளுக்கே தெரியாது. எனக்குத் தெரிந்தது. வீட்டில் கணவருக்கு முன்னால் நடித்தும் காட்டினேன். "மூண்டு கிழமையில தலை வெள்ளைக்காரத் தலையாப் போச்சு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காததற்கும் சேர்த்து அவளைத்தான் திட்டினேன்.

கண்ணாடிக்கு அறை வேண்டும் என்று என் கட்டிலைக் களஞ்சிய அறைக்குத் தள்ளினார்கள். சக்கரங்களில் ஒன்று இறுகிப்போயிருந்ததால் தளம் முழுவதும் கிரீச்சிட்டுக்கொண்டு போனது. அவள் வாசலில் நின்று, "கோவிக்காதடி, கொஞ்ச நாளைக்குத்தான்" என்றாள். கோபமில்லை என்றேன். பொய்.

நடந்தது விளங்க வேண்டுமென்றால், அந்த யந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். அதிகமில்லை. கண்ணாடியை மாட்டியதும், கட்டிலில் நரைத்த மீசையோடு ஒரு மாமா தெரிவார். தோலுக்கு எங்கள் நிறம் கொடுத்திருந்தார்கள், கதைப்பது மட்டும் வெள்ளைக்கார இங்கிலிஷ். எங்கள் பிள்ளைகளின் இங்கிலிஷ் அதற்குப் பிடிபடாது, தமிழும் சிங்களமும் அறவே தெரியாது. ஆகவே கம்பனிக்காரர் ஒரு வழி செய்திருந்தார்கள்: மாமா கேள்வி கேட்பார், பிள்ளை தலையசைத்துப் பதில் சொல்ல வேண்டும். "எனக்குப் பக்கத்தில் இருப்பாயா?", "இந்த ஊசி அவசியமா?", "என் மகளுக்குச் சொல்லிவிட்டீர்களா?" என்றெல்லாம் கேட்பார். ஓம் என்றால் அமைதியாவார், ஊசி போட விடுவார். இல்லை என்றால் பதறுவார், நாடித்துடிப்பு ஏறும், பிள்ளைக்குப் புள்ளி குறையும். அந்தப் புள்ளி செய்முறைப் பரீட்சையோடும் சேரும்.

வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு வந்து பார்ப்பதாக இருந்தது. சரிவந்தால் இன்னும் கண்ணாடிகள் வாங்குவார்கள், அதற்கென்று ஒரு பிரிவு வரும், அவள் அதன் தலைவி. என் கட்டில் பாடம் நேர அட்டவணையில் இருந்து போய்விடும். சரிவராவிட்டால் கண்ணாடிகள் பெட்டிக்குள் போகும், அவளும் வீட்டுக்குப் போவாள். ஏனென்றால் இந்தத் திட்டத்தை எடுப்பதற்காகத் தன் நிரந்தர இடத்தை விட்டுவிட்டு ஒப்பந்தத்தில் இருந்தாள். அவளா நானா என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் என் மனதுக்குள் நாளுக்கு நாலு தடவை சொன்னேன்.

திங்கட்கிழமை முதல் குழு மாட்டிப் பார்த்தது. பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டும் பிழை. மாமா ஒவ்வொருவரிடமும் பதறினார், ஒருவரிடம் அழுதே விட்டார். அவள் கண்ணாடியை மாட்டினால் மட்டும் மாமா ஆட்டுக்குட்டி. "என்னட்ட சரியா வேலை செய்யுது. பிள்ளையளுக்கு நோயாளியோட பழகத் தெரியேல்லைப் போல" என்று அவள் கவலைப்பட்டாள். என்னிடம் கட்டில் பாடம் முடித்த பிள்ளைகள்! எனக்குச் சுர்ரென்றது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

அடுத்த நாள் அந்தக் குழுவில் இருந்த வத்தளைப் பிள்ளை என்னைத் தேடி வந்தாள். மூன்றாம் வருடம், பஸ்ஸில் நின்றுகொண்டே குறிப்பு பாடமாக்குகிற சாது. முகம் வீங்கியிருந்தது.

"மிஸ், நான் ஓம் ஓம் எண்டுதான் சொன்னனான். அந்த அங்கிள் என்னைப் பாத்து, நீ என்னைச் சாக விட்டுட்டுப் போறாய் எண்டு அழுறார். எனக்கு இந்த வேலைக்கு முகம் இல்லையோ மிஸ்?"

"விசர்க் கதை கதைக்காதையும். மெசினுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"நாளைக்குத் திரும்பச் செய்யோணும். அதிலயும் விட்டா வருசத்தைத் திரும்பப் படிக்கோணும். அப்பா விடமாட்டார் மிஸ். ஒருகொடவத்தைப் பக்கம் ஒரு ஸ்டோர்ஸில வேலை பாத்து வச்சிருக்கிறார்."

அவளைத் தட்டிக்கொடுத்து அனுப்பினேன். அனுப்பிய பிறகு, அந்த மாமா யாரப்பா என்று பார்க்கும் ஆசை வந்தது. என் இடத்தில் படுத்திருக்கிறவர் அல்லவா? மூன்று மணிக்குப் பிறகு அறையில் யாரும் இல்லை. கண்ணாடியை எடுத்து மாட்டினேன். ஊழியர் இலக்கத்தைக் கேட்டது. கொடுத்தேன்.

மாமா என்னைப் பார்த்து, பக்கத்தில் இருப்பாயா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் கண் கலங்கியது. இன்னொரு தரம் கேட்டார். இன்னும் அன்பாக, இரண்டு பக்கமும் சரித்து ஆட்டினேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். 'அட மனுசா, ஓம் எண்டுதானே சொல்லுறன்' என்று நினைத்த அதே கணத்தில், என் தலை சரிந்தபடி அப்படியே நின்றது. டக், டக், டக் என்று ஆட்டுகிற கொட்டாஞ்சேனைத் தலை ஞாபகத்துக்கு வந்தது.

நாடியை நேராக மேலும் கீழும் ஆட்டினேன். மாமா புன்னகைத்தார். பக்கவாட்டில் ஆட்டினேன், பதறினார். நேராக ஆட்டினேன், அமைதியானார். பக்கத்துக்குப் பக்கம் அசைகிற எதையும் அது இல்லை என்றுதான் எடுக்கிறது. பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த மாமாவுக்கு மனமார ஓம் சொல்லிச் சொல்லித்தான் தோற்றிருக்கிறார்கள். அவளுக்கு மட்டும் சரிவருகிறது, அவளுக்குத்தான் வெள்ளைக்காரத் தலையாயிற்றே. அவள் ஆயிரம் தடவை சோதித்தாலும் இது பிடிபடாது. பொறாமைப்பட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஐந்து நிமிடத்தில் பிடிபட்டது.

நான் சிரித்தேன். ஆள் இல்லாத அறையில், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்து எத்தனையோ மாதம்.

சொல்லியிருக்க வேண்டும். தெரியும். எழும்பி இரண்டு அறை தள்ளிப் போய், "இஞ்ச பார், உன்ர மாமாவுக்கு எங்கட தலை விளங்கேல்லை" என்று சொல்ல அரை நிமிடம் போதும். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு காலி வீதிக்கு வந்து பஸ் ஏறினேன். வீட்டில் அன்று புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் நன்றாக இறங்கியது. "என்னப்பா, இண்டைக்கு முகம் வெளிச்சமா இருக்கு?" என்று கணவர் கேட்டார். சும்மா என்றேன்.

புதன்கிழமை இரண்டாவது தடவை. நான் கதவுக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டு நின்றேன். வத்தளைப் பிள்ளை உள்ளே, இல்லாத கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, இரு கையையும் நீட்டி, தலையைச் சரித்துச் சரித்து ஆட்டினாள். எவ்வளவு பாசமான ஆட்டு! என் கட்டிலில் நான் கிடந்து அந்தப் பிள்ளை அப்படித் தலையாட்டியிருந்தால் நோயே மாறியிருக்கும். கண்ணாடியைக் கழற்றியபோது அவள் முகத்தைப் பார்க்காமல் நான் படிக்கட்டுப் பக்கம் போனேன். அவள் பின்னால் ஓடி வந்தாள்.

"விட்டுட்டன் மிஸ்" என்றாள். பிறகு, "நீங்க நேற்று ஆறுதல் சொன்னதுக்குத் தேங்க்ஸ் மிஸ்" என்றாள்.

அவளுக்காவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் ஓடிப்போய் எல்லோருக்கும் சொல்வாள், வெள்ளிக்கிழமை எல்லோரும் தேறுவார்கள், கொட்டாஞ்சேனைக்காரி தலைவியாவாள். தன் மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனப் பிழையாக வேண்டும் என்பார்களே. நான் அறுத்தது என் மூக்கைக்கூட இல்லை, அந்தப் பிள்ளையுடையதை.

வியாழக்கிழமை வத்தளைப் பிள்ளை வரவில்லை. அது என்னை உறுத்தியது. சரி, சொல்லிவிடுவோம் என்று பத்தரை மணிக்கு மாலுபாணும் வாங்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்காரியின் அறைக்குப் போனேன். உள்ளே அவள் கம்பனிக்காரரோடு போனில் இங்கிலிஷில் கதைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை உயர்த்தி, பொறு என்று காட்டினாள். என்னைப் பொறு என்று காட்ட இவள் யார்? மீன் கூடிய பாதியையும் நானே தின்றுகொண்டு திரும்பினேன். வரும் வழியில் இன்னொரு யோசனை வந்தது, அதுதான் கேவலம். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் தோற்ற பிறகு, குழுவுக்கு முன்னால் எழுந்து, பிழை எங்கே என்று நானே சொல்வது. பிள்ளைகளும் தப்புவார்கள், அவளுடைய கவனயீனமும் தெரியும், என் பேரும் எழும்பும். அதைச் சொல்ல நாலு வசனத்தை இரவு முழுவதும் சிங்களத்தில் பாடமாக்கினேன்.

வெள்ளிக்கிழமை நல்ல பச்சைச் சேலையில் போனேன். குழு முன்வரிசையில் இருந்தது. கொட்டாஞ்சேனைக்காரிக்குக் கண் சிவந்திருந்தது, நித்திரை கொண்டவளாகத் தெரியவில்லை. முதலில் மாட்ட வந்தவள் வத்தளைப் பிள்ளை. எப்படி வந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை.

மாமா பெரிய திரையில் கேட்டார், பக்கத்தில் இருப்பாயா என்று. பிள்ளை தலையைச் சரித்து ஆட்டினாள், அதே பழைய ஆட்டு. நான் எழும்பத் தயாரானேன். மாமா புன்னகைத்தார். கையை நீட்டினார். ஊசி ஏறியது. அடுத்த கேள்விக்கும் அதே சரிவு, அதே புன்னகை. பன்னிரண்டு பிள்ளைகளும் தேறினார்கள். பணிப்பாளர், "ஹரி ஷோக்!" என்று சிங்களத்தில் மெச்சிக் கைதட்டினார்.

நான் பாடமாக்கிய நாலு வசனத்துக்கும் வேலை இல்லாமல் போனது. அப்போது கொட்டாஞ்சேனைக்காரி எழுந்து சிங்களத்தில் பேசினாள். எங்கள் ஆட்களின் தலையாட்டல் யந்திரத்துக்குப் பிடிபடாமல் இருந்ததையும், நேற்றுக் கம்பனிக்காரரோடு நின்று அதை மாற்றியதையும் சொன்னாள். பழைய புள்ளிகளை அழித்துவிட்டுப் பிள்ளைகளைத் திருப்பி எடுக்கச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் போன் பண்ணிக் கூப்பிட்டதாகச் சொன்னாள். பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள்.

"இதைக் கண்டுபிடித்தது நானில்லை, அவர். பதினாறு வருடம் நோயாளியாகப் படுத்தவருக்குத்தான் எங்கள் பிள்ளைகளின் தலை தெரியும். அவருடைய கட்டில் பாடத்தையும் இதோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். வத்தளைப் பிள்ளை ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் யாருக்கும் எதுவும் சொல்லவில்லையே.

எல்லோரும் போன பிறகு கொட்டாஞ்சேனைக்காரி கதவைச் சாத்தினாள். கணினியில் எதையோ தட்டினாள். திரையில் முகமில்லாத ஒரு சாம்பல் தலை வந்தது. மாட்டுகிற ஒவ்வொருவருடைய தலையும் எப்படி அசைந்தது என்பதை யந்திரம் பதிந்து வைக்குமாம். அந்தத் தலை இரண்டு தரம் சரிந்து ஆடியது. சரிந்தபடி நின்றது. பிறகு நேராக ஆடியது. பக்கவாட்டில் ஆடியது. திரும்பவும் நேராக. கீழே என் ஊழியர் இலக்கம் இருந்தது, செவ்வாய்க்கிழமை என்றும் இருந்தது.

"புதன்கிழமை பின்னேரம் எல்லாற்ற புள்ளியையும் பாத்துக்கொண்டிருந்தன்" என்றாள். "உனக்கு மட்டும் கடைசியில முழுப்புள்ளி. எப்பிடியெண்டு பாத்தன். எனக்கு அப்பதான் விளங்கிச்சு. வந்து சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். வியாழக்கிழமை நீ வாசலுக்கு வந்தாய். சொல்லத்தான் வாறாய் எண்டு எனக்கு அவ்வளவு சந்தோசம். போனை வச்சிட்டு வெளியில வந்து பாத்தன், நீ இல்லை."

"நான்..." என்றேன்.

"பொறு. இதில சத்தமும் பதியும்."

அவள் ஒலியைக் கூட்டினாள். அறை முழுவதும் என் சிரிப்புக் கேட்டது. வயிறு குலுங்கச் சிரித்தது என்றேனே, அதுதான். வெளியே இருந்து கேட்க அது அவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அது முடியும்வரை அவள் நிறுத்தவில்லை.

"அந்தப் பிள்ளை புதன்கிழமை திரும்பவும் விட்டது. அதுக்கு முதலே உனக்குத் தெரியும்" என்றாள். "பிறகெண்டாலும் சொல்ல இருந்தனியோ?"

என் தலை தானாகச் சரிந்தது.

"தலையாட்டாத. நான் மெசின் இல்லை. வாயால சொல்லு."

ஓம் என்றால் பச்சைச் சேலையையும் நாலு வசனத்தையும் சொல்ல வேண்டும். இல்லை என்றாலும் அது முழு உண்மை இல்லை. அவள் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினாள். நான் வெளியே வந்தேன்.

என் கட்டில் திரும்பி வந்துவிட்டது, சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு. செவ்வாயும் வியாழனும் நான் அதில் படுக்கிறேன், பிள்ளைகள் முதலில் என்னிடம் அழுதுவிட்டுப் பிறகு மாமாவிடம் போகிறார்கள். அவள் பிரிவுத் தலைவி. பத்தரை மணித் தேநீர் இப்போது தனியாக அவளுடைய அறைக்குப் போகிறது. வெளிநாட்டில் ஒட்டிய பழக்கம் மெல்ல மெல்ல அவளை விட்டுப் போய்விட்டது. பிள்ளைகள் கேட்டாலும் பணிப்பாளர் கேட்டாலும் பழையபடி காது தோளைத் தேடச் சரித்துத்தான் ஆட்டுகிறாள். அதை நான் தூரத்தில் நின்று பார்க்கிறேன், இப்போதும் வயிறு எரிகிறது. எனக்கு மட்டும், காலையில் நான் வணக்கம் சொன்னால், நாடியை நேராக ஒரு தரம் கீழே இறக்கி மேலே எடுப்பாள்.